அன்பு சுரக்கும் இடம்

கதை எழுதுகிறவர்களின் பிழைப்பு அன்பை நம்பித்தான் நடக்கிறது. தாய் மகனிடம் வைத்த அன்பு, தங்கை அண்ணனிடம் வைத்த அன்பு, காதலன் காதலியிடம் வைத்து இழந்த அன்பு - இவற்றை எடுத்துவிட்டால் எங்கள் அலமாரியில் துப்பறியும் கதைகள்தாம் மிஞ்சும். அவற்றிலும் கொலைக்குக் காரணம் தேடிக்கொண்டு போனால், கடைசியில் யாரோ யாரிடமோ வைத்த அன்புதான் வந்து நிற்கும். அப்படிப்பட்ட சரக்கின் மீது விஞ்ஞானம் கை வைக்கும்போது கதாசிரியன் சும்மா இருக்க முடியுமா?

சில ஆண்டுகளாகப் பத்திரிகைகளில் ஒரு பெயர் அடிக்கடி அடிபடுகிறது. ஆக்ஸிடோஸின் என்பது அதன் பெயர். நம் உடம்பில் ஊறும் ஒரு ரசாயனம். அதற்கு 'அன்பு ஹார்மோன்' என்று செல்லப் பெயரும் வைத்துவிட்டார்கள். தாய்ப்பாசமும், தம்பதிகளின் ஒட்டுதலும், மனிதனை மனிதன் நம்புவதும் இதன் வேலை என்கிறார்கள். இதைப் படித்துவிட்டுப் பலர் சிரித்திருப்பார்கள், சிலர் வருந்தியிருப்பார்கள். வருந்தியவர்களில் ஒருவர் எனக்குக் கடிதம் எழுதினார்.

அவர் ஒரு சிறு நகரத்தில் பள்ளி ஆசிரியை. குழந்தை இல்லாமல் பல ஆண்டுகள் காத்திருந்து, பிறகு முறைப்படி ஒரு பெண் குழந்தையைத் தத்து எடுத்து வளர்த்து வருகிறார். குழந்தைக்கு இப்போது இரண்டு வயது. "என்ன இருந்தாலும் பத்து மாதம் சுமந்து பெற்றவளுக்கு இருக்கிற மாதிரி வருமா என்று என் மாமியார் சொல்லும்போதெல்லாம் பழைய காலத்துப் பேச்சு என்று ஒதுக்கி வந்தேன். இப்போது விஞ்ஞானமும் அதையேதானே சொல்கிறது? பிரசவத்தின்போதும் பால் கொடுக்கும்போதும் சுரப்பதாமே அது! பெறாத எனக்கு, பால் கொடுக்காத எனக்கு அது எங்கிருந்து சுரக்கும்? நான் என் மகளிடம் காட்டுவது வெறும் பழக்கம்தானா, ஐயா?" என்று கேட்டிருந்தார்.

அதே மாதத்தில் இன்னொரு பேச்சும் என் காதில் விழுந்தது. நண்பர் ஒருவர், நல்ல உத்தியோகத்தில் இருப்பவர், தம் தகப்பனாரை முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கிறார். பணம் மாதம் தவறாமல் போகிறது, மகன் போவதில்லை. ஏன் என்று கேட்டேன். "அப்பாவைப் பார்த்தால் எனக்கு ஒன்றுமே தோன்றுவதில்லை, சார். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். எல்லாம் உள்ளே சுரக்கிற சமாசாரம் என்று இப்போது டாக்டர்களே சொல்கிறார்கள். சுரக்காததற்கு நான் என்ன செய்ய முடியும்?" என்றார்.

பார்த்தீர்களா? ஒரே செய்தி. அதைப் படித்து ஒருத்தி தன்னைத் தானே குற்றம் சாட்டிக் கொள்கிறாள். இன்னொருவர் தம்மைத் தாமே விடுதலை செய்து கொள்கிறார். இருவருக்கும் சேர்த்து ஒரே பதில் இருக்கிறதா என்று தேடத்தான் இந்த விஷயத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். புரியாத இடங்களை ஒரு டாக்டர் நண்பரிடம் கேட்டுத் தெரிந்து கொண்டேன். நான் விஞ்ஞானம் கற்றவன் அல்ல. ஆனால் இது விஞ்ஞானிகளுக்கு மட்டும் விட்டுவிடக் கூடிய கேள்வியும் அல்ல.

முதலில் அந்தப் பொருளைப் பார்ப்போம். 1906ம் ஆண்டு ஹென்றி டேல் என்ற ஆங்கில விஞ்ஞானி, மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பியின் பின்பகுதியிலிருந்து எடுத்த சாறு, பூனையின் கருப்பையைச் சுருங்க வைப்பதைக் கண்டார். விரைவான பிரசவம் என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்த பெயர்தான் ஆக்ஸிடோஸின். 1953ல் அமெரிக்க ரசாயன விஞ்ஞானி வின்சென்ட் டு விக்நோ அதன் அமைப்பைக் கண்டறிந்து, அதைச் சோதனைச் சாலையில் செய்தும் காட்டினார். 1955ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு மாலை, அவ்வளவுதான் அது. பிரசவ வார்டில் வலி எடுக்காத பெண்களுக்குப் போடுகிறார்களே ஊசி, அதில் இருப்பதும் இதுவே. தாயின் மார்பிலிருந்து பாலை வெளியே தள்ளுவதும் இதுவே.

அது மூளைக்குள் ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில் உற்பத்தியாகிறது. அங்கிருந்து ஒரு பங்கு பிட்யூட்டரி வழியாக ரத்தத்தில் கலந்து உடம்புக்குப் போகிறது. இன்னொரு பங்கு மூளையின் மற்றப் பகுதிகளுக்குப் போகிறது. பின்னால் சொன்ன இந்தப் பங்குதான் நம் கேள்விக்கு உரியது.

தமிழில் 'சுரத்தல்' என்று ஒரு சொல் இருக்கிறது. பால் சுரக்கிறது, ஊற்று சுரக்கிறது, உள்ளத்தில் இரக்கம் சுரக்கிறது. மூன்றுக்கும் ஒரே வினைச்சொல். பிற்காலத்தில் உடம்பில் உள்ள இந்த உறுப்புகளுக்குப் பெயர் வைத்தவர்களும் 'சுரப்பி' என்றே வைத்தார்கள். பாலும் பாசமும் ஒரே மடையில் வருவதாக நம் மொழி எப்போதோ நினைத்துவிட்டது. ஆகவே பாசத்துக்கு உடம்பில் ஓர் இடம் உண்டு என்று விஞ்ஞானம் சொல்வதில் தமிழனுக்குப் பெரிய அதிர்ச்சி ஏற்பட வேண்டியதில்லை.

"அன்பு வெறும் ரசாயனம்தானா?" என்று கேட்பவர்களிடம், அந்த 'வெறும்' என்ற சொல்லுக்கு மட்டும் கணக்குக் கேட்க வேண்டும். வீணையின் ஒலி கம்பியின் அதிர்வுதான்; அதனால் தோடி ராகம் வெறும் கம்பியாகிவிடுமா? கண்ணீரில் உப்பு இருக்கிறது. அதனால் துக்கத்தை மளிகைக் கடையில் நிறுத்து வாங்க முடியுமா? மனிதனுக்கு உடம்பு இருக்கிற வரையில் அவனுடைய மேன்மைகளும் உடம்பின் வழியாகத்தான் நடந்தாக வேண்டும்.

இனி, அந்த ரசாயனம் மூளையில் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். மனிதன் மனிதனைப் பார்க்கும் அந்த ஒரு கணத்தில் என்ன நடக்கிறது என்பதைத்தான் ஆராய்ச்சியாளர்கள் குறிவைத்தார்கள்.

நம் இரண்டு பொட்டுகளுக்கும் உள்ளே, மூளையின் ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாகப் பாதாம் பருப்பு அளவில் ஒரு பகுதி இருக்கிறது. அமிக்டலா என்று பெயர். அதற்குப் பாதாம் என்றே பொருள். வீட்டு வாசலில் படுத்திருக்கும் நாயைப் போன்றது அது. எதிரே வருகிறவன் முகத்தில் கோபமா, பயமா, வஞ்சமா என்று முதலில் மோப்பம் பிடிப்பது அதுதான். 2005ல் ஜெர்மனியில் 15 ஆண்களை மூக்கின் வழியே ஆக்ஸிடோஸினை உறிஞ்சச் செய்து, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, கோபமும் பயமும் நிறைந்த முகங்களைக் காட்டினார்கள். அமிக்டலாவின் துடிப்பு அடங்கியிருந்தது. நாய் குரைப்பதைக் குறைத்துக் கொண்டது என்று வைத்துக் கொள்ளுங்களேன். 2007ல் அதே நாட்டில் செய்த வேறொரு சோதனையில், கண்களை மட்டும் படத்தில் காட்டி, இவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். மருந்தை உறிஞ்சியவர்கள் கொஞ்சம் கூடுதலாகச் சரியாகச் சொன்னார்கள்.

பயம் குறைகிறது, பிறர் கண்ணில் உள்ளது தெரிகிறது. அன்புக்கு வேறு என்ன வேண்டும்? 'அன்பு ஹார்மோன்' என்ற பட்டம் பொருத்தம்தான் என்று தோன்றுகிறது அல்லவா?

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 2009ல் இஸ்ரேலில் ஒரு சோதனை செய்தார்கள். பணம் வைத்து ஆடும் ஓர் ஆட்டம். இதே மருந்தை உறிஞ்சியவர்கள், எதிராளி அதிகம் ஜெயித்தபோது அதிகப் பொறாமைப்பட்டார்கள். அவன் தோற்றபோது அதிகமாக உள்ளூர மகிழ்ந்தார்கள்! 2010ல் பெண்களுக்கு மருந்தைக் கொடுத்துப் பயந்த முகங்களைக் காட்டியபோது, அமிக்டலா அடங்குவதற்குப் பதிலாக இன்னும் விழித்துக் கொண்டது. அன்பின் ரசாயனத்திலிருந்து பொறாமை எப்படி வந்தது?

இதற்கு ஆராய்ச்சியாளர்கள் பலர் இப்போது சொல்லும் விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தச் சுரப்பு அன்பை உண்டாக்குவதில்லை. எதிரே இருக்கும் மனிதனை நமக்கு முக்கியமாக்குகிறது. விளக்கின் திரியைத் தூண்டிவிடுகிற விரல் அது. திரியைத் தூண்டினால் எதிரே இருக்கும் முகம் தெளிவாகத் தெரியும். அது நண்பனின் முகமானால் நெஞ்சு நிறையும். போட்டிக்காரனின் முகமானால் நெஞ்சு எரியும். வெளிச்சம் ஒன்றுதான். யாரை அந்த வெளிச்சத்தில் நிறுத்துகிறோம், அவரை யாராகக் கருதுகிறோம் என்பது விரலின் வேலை அல்ல.

இது தெரியாமல், அன்பைப் புட்டியில் அடைத்து விற்கலாம் என்று சிலர் கனவு கண்டார்கள். கனவுக்குக் காரணம் 2005ல் ஸூரிச் நகரில் நடந்த ஒரு சோதனை. ஒருவன் தன் பணத்தை முன்பின் அறியாத இன்னொருவனிடம் நம்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்தது மூன்று மடங்காகும். அவன் பங்கு திருப்பித் தருவானா, ஏமாற்றுவானா என்பது தெரியாது. மருந்தை உறிஞ்சியவர்களில் 100க்கு 45 பேர் கையிருப்பு முழுவதையும் கொடுத்தார்கள். வெறும் போலி மருந்தை உறிஞ்சியவர்களில் 100க்கு 21 பேர்தான் கொடுத்தார்கள். உலகமே வியந்தது. ஆனால் 2020ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், இன்னும் அதிகமானவர்களை வைத்து, முன்கூட்டியே முறையைப் பதிவு செய்துவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த வித்தியாசத்தைக் காணவில்லை. இந்தத் துறையில் தொடக்க காலத்துச் சோதனைகள் பலவும் சிறியவை. நாம் மேலே கண்டவற்றையும் அந்த ஜாக்கிரதையோடுதான் ஏற்க வேண்டும்.

இன்னொரு முடிவு மனத்தை உருக்குவது. பிறர் முகத்தைப் பார்க்கவும் பழகவும் சிரமப்படும் ஆட்டிஸக் குழந்தைகளுக்கு இந்த மருந்து உதவும் என்று எத்தனையோ பெற்றோர் நம்பியிருந்தார்கள். அமெரிக்காவில் 3 முதல் 17 வயது வரையுள்ள 290 பேரைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு 24 வாரங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். 2021ல் முடிவு வெளியாயிற்று. போலி மருந்தை உறிஞ்சியவர்களுக்கும் இவர்களுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. மூக்கின் வழியே தெளித்து மனித உறவைக் கூட்டும் காலம் இன்னும் வரவில்லை.

இந்தச் சோதனைகளில் என்னை அதிகமாகக் கலங்க வைத்தது ஹாலந்து நாட்டில் நடந்தது. 2011ல் அதன் முடிவை வெளியிட்டார்கள். அந்த நாட்டு ஆண்களிடம் ஒரு தர்மசங்கடத்தைச் சொன்னார்கள். ஐந்து பேரைக் காப்பாற்ற ஒருவனைப் பலி கொடுக்க வேண்டும், கொடுப்பாயா? அந்த ஒருவனுக்குச் சில சமயம் டச்சுப் பெயர் கொடுத்தார்கள். சில சமயம் அரபுப் பெயர் அல்லது ஜெர்மானியப் பெயர் கொடுத்தார்கள். மருந்தை உறிஞ்சியவர்கள் டச்சுப் பெயர்க்காரனைப் பலி கொடுக்க அதிகமாகத் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் அயல் பெயர்க்காரனுக்குக் கிடைக்கவில்லை. அயலானிடம் வெறுப்பு பெருகிவிட்டது என்று சொல்வதற்கு அழுத்தமான சான்று இல்லை. நம்மவன் மீது பரிவு பெருகியது, அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' போதாதா?

இதை அறிய ஹாலந்துக்குப் போக வேண்டியதில்லை. தன் பிள்ளைக்கு முட்டையை உரித்து, மஞ்சள் கருவின் மேல் மிளகுத் தூளைத் தூவித் தட்டில் வைக்கிறாள் ஒரு தாய். அதே சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சிறுமிக்கு, பிள்ளையின் வயதே உள்ள சிறுமிக்கு, முந்தின நாள் சோறு. அந்தத் தாய் அன்பில்லாதவளா? இல்லை, அவளிடம் அன்பு நிறைந்து வழிகிறது. ஒரே பக்கமாக வழிகிறது. கொடுமைகளில் பல, அன்பில்லாதவர்கள் செய்பவை அல்ல. அன்பு மிகுந்தவர்கள் தங்கள் வட்டத்துக்கு வெளியே நிற்பவர்களுக்குச் செய்பவை. சாதியின் பேரால், மதத்தின் பேரால் கைகலக்கிற ஒவ்வொரு கூட்டத்திலும் தன் சகோதரனுக்காக உயிரைக் கொடுக்கத் தயாராக இருப்பவன் ஒருவன் இருப்பான்.

வள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலில் வைத்தார். அருளுடைமையைத் துறவறவியலில் வைத்தார். அன்பு தொடர்புடையவர்கள் மீது செல்வது, அருள் தொடர்பு பாராமல் எல்லா உயிர்களின் மீதும் செல்வது என்று பரிமேலழகர் பிரித்துக் காட்டினார். மாணவனாக இருந்தபோது இதை உரையாசிரியர்களின் சொல் நுணுக்கம் என்றே நினைத்திருந்தேன். டச்சுப் பெயர்களையும் அரபுப் பெயர்களையும் பற்றிப் படித்த பிறகு, இந்தப் பிரிவினையின் கனம் தெரிகிறது. அன்பு தானாகச் சுரக்கலாம். அருள் தானாகச் சுரப்பதில்லை.

அப்படியானால், சுரக்காத இடத்தில் சுரக்க வைக்க முடியுமா? ஆசிரியையின் கேள்வியும் நண்பரின் வாதமும் இங்கேதான் வந்து முட்டுகின்றன.

இதற்கு எலிகளிடமிருந்து ஒரு பதில் கிடைத்திருக்கிறது. குட்டி போடாத பெண் எலி, வேறோர் எலியின் குட்டிகளைக் கண்டால் விலகி ஓடும். கடித்துக் குதறுவதும் உண்டு. 1979ல் அமெரிக்காவில் அப்படிப்பட்ட எலிகளின் மூளைக்குள் ஆக்ஸிடோஸினைச் செலுத்தினார்கள். விரைவிலேயே அவை கூடு கட்டின, குட்டிகளை நக்கின, வாயில் கவ்விக் கூட்டுக்குக் கொண்டு வந்தன. மாமியார் சொன்னது சரி என்று ஆகிவிடுகிறதல்லவா? ஆனால் அதற்கு 12 ஆண்டுகளுக்கு முன்பே, 1967ல், ஜே ரோஸன்பிளாட் என்பவர் வேறொன்றைக் காட்டியிருந்தார். ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. குட்டி போடாத எலியோடு குட்டிகளை நாள்தோறும் விட்டுவைத்தார். முதல் நாள் விலகியது. இரண்டாம் நாளும் விலகியது. சுமார் ஒரு வாரத்தில் அது குட்டிகளை நக்கத் தொடங்கியது. பிட்யூட்டரியை அகற்றிய எலிகளும் அப்படியே செய்தன. ஆண் எலிகளும் செய்தன!

மனிதர்களிடம் 2014ல் இஸ்ரேலில் பார்த்தார்கள். முதல் குழந்தையை வளர்க்கும் பெற்றோர்களுக்கு அவரவர் குழந்தையின் படத்தை ஓடவிட்டு மூளையைக் கவனித்தார்கள். குழந்தையை முக்கியமாகக் கவனிக்கும் தாய்மாரிடம் அமிக்டலா விழிப்போடு இருந்தது. அவர்களுக்கு ஒத்தாசை செய்யும் தகப்பன்மாரிடம், காதுக்குச் சற்று மேலே உள்ள, பிறர் மனத்தைப் புரிந்து கொள்ளும் பகுதி அதிகமாக வேலை செய்தது. மூன்றாவதாக ஒரு வகையினரும் இருந்தார்கள். இரண்டு ஆண்கள் சேர்ந்து குடும்பம் நடத்தி, வீட்டில் தாய் இல்லாமலே குழந்தையை வளர்ப்பவர்கள். அவர்கள் சுமக்கவில்லை, பெறவில்லை, பால் கொடுக்கவில்லை. ஆனால் அவர்களுடைய அமிக்டலா தாய்மாருடையதைப் போலவே விழித்திருந்தது. மற்றத் தகப்பன்மாரிடம் கண்ட பகுதியும் கூடவே வேலை செய்தது. அது மட்டும் அல்ல; ஆண்களிடம் இந்த இரண்டு பகுதிகளுக்கும் இடையே உள்ள இணைப்பு, அவர்கள் குழந்தையை நேரில் கவனித்துக் கொள்ளச் செலவிட்ட காலத்துக்கு ஏற்ப வலுத்திருந்தது. குளிப்பாட்டியது, ஊட்டியது, நள்ளிரவில் எழுந்து தோளில் போட்டுத் தட்டியது எல்லாம் எங்கோ ஓரிடத்தில் வரவு வைக்கப்பட்டிருந்தன.

ஆசிரியைக்கு நான் எழுதிய பதிலில் இதைத்தான் விவரித்தேன். பெற்றவளுக்கு இயற்கை ஒரு முன்பணம் கொடுக்கிறது. அதை மறுக்க வேண்டாம். குழந்தையின் அழுகுரல் கேட்டதும் தாயின் மார்பு நனைகிறதே, அது அந்த முன்பணம். ஆனால் அங்கேயும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் குரல், பிறகுதான் சுரப்பு. கேட்கும் காது இருந்தால் சுரப்பதற்கு வழி பிறக்கிறது. "நீங்கள் காட்டுவது வெறும் பழக்கம்தானா என்று கேட்டீர்கள். பழக்கம்தான், அம்மா. ஆனால் தாய்மையின் பெரும்பகுதி அந்தப் பழக்கத்தால் ஆனது. பெற்றவளும் அதைப் பழகித்தான் தாயாகிறாள். இரண்டு ஆண்டுகளாக இரவில் எழுந்தவர் நீங்கள், உங்கள் மாமியாரும் அல்ல, நானும் அல்ல" என்று எழுதினேன்.

நண்பருக்குச் சொல்வது கடினமாக இருந்தது. அவருடைய அப்பா நல்ல தகப்பனாக இருந்தவர் அல்ல என்று எனக்குத் தெரியும். பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டாத தகப்பன், எழுபது வயதில் மகன் மனத்தில் ஊற்றைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நண்பர் முதலில் சுரக்கட்டும், பிறகு போகிறேன் என்று கிணற்றங்கரையில் காத்திருக்கிறார். இறைக்கிற கிணறுதான் ஊறும். மாதம் ஒரு முறை போய், பக்கத்தில் உட்கார்ந்து, ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்து அவர் கையில் கொடுத்துக் கொண்டிருந்தால், ஒருநாள் அந்த முகத்தைப் பார்க்கும்போது உள்ளே ஏதாவது அசையலாம்.

அசையாமலும் போகலாம். கதையாக இருந்தால் அசைய வைத்து முடித்துவிடுவேன். வாழ்க்கையில் அதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் அப்போதும் ஒன்று மிஞ்சுகிறது. மகனுக்குள் சுரந்தாலும் சுரக்காவிட்டாலும் கிழவருக்கு ஆரஞ்சுப் பழம் வேண்டியிருக்கிறது. தாய்க்குத் தோன்றினாலும் தோன்றாவிட்டாலும் பாத்திரம் தேய்க்கும் சிறுமிக்குச் சூடான சோறு வேண்டியிருக்கிறது. பெயர் டச்சுப் பெயரானாலும் அரபுப் பெயரானாலும் தண்டவாளத்தின் மேல் கிடப்பவனுக்கு உயிர் ஒன்றுதான். நமக்குள் என்ன சுரக்கிறது என்ற கேள்வியை அவர்கள் யாரும் கேட்பதில்லை. அது நம்முடைய கவலை.

அந்தச் சுரப்பு நம்மிடம் இருப்பது நம் புண்ணியம் அல்ல, பிறக்கும்போதே கிடைத்தது. எலிக்கும் கிடைத்திருக்கிறது. அந்த வெளிச்சத்தில் யாரைக் கொண்டு வந்து நிறுத்துகிறோம் என்பதில்தான் நம் புண்ணியமும் பாவமும் இருக்கின்றன. நம்மவர்கள் அங்கே தாமாக வந்து நின்றுவிடுவார்கள். மற்றவர்களை நாம்தான் கைப்பிடித்து அழைத்து வர வேண்டும். முதல் நாள் விலகத் தோன்றும். இரண்டாம் நாளும் தோன்றும். ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாமே!